15 நிமிடத்தில் எதைக் கேட்பது, எங்கே கையை வைப்பது?

கேள்வி கேட்டவர் பல ஆண்டுகள் வார்டில் பணியாற்றிய செவிலியர். இப்போது, செவிலியருக்கு நோயறியவும் மருந்து எழுதவும் பயிற்சி தரும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேர்ந்திருக்கிறார். வகுப்பில் தலை முதல் கால் வரை முழு உடல் பரிசோதனையையும் நீண்ட வினாப்பட்டியலையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டையும் செய்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. பயிற்சிக்குப் போகும் வெளிநோயாளர் பிரிவிலோ ஒருவருக்கு 15 நிமிடம்தான். எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று கேட்கிறார். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரு நோயாளியின் முன் அமர்ந்திருக்கும்போது அடுத்து எதைக் கேட்பது, எங்கே கையை வைப்பது என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? விட வேண்டியவை, விடக்கூடாதவை என்று இரண்டு பட்டியல் கொடுத்தால் அடுத்த நோயாளியிடமே அவை பொய்த்துப்போகும். அதனால் தீர்மானிக்கும் முறையைப் பற்றியே எழுதுகிறேன். பெரியவர்களுக்கான வெளிநோயாளர் பணியிலும், இதே படிப்பில் இருப்பவர்களுக்குப் பயிற்சி அளிப்பதிலும் நீண்ட காலமாக இருக்கிறேன். சொல்வதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்துதான்.

செவிலியராக நீங்கள் செய்துவந்த மதிப்பீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது, செவிலியரின் பார்வையை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் நோயறியும் பொறுப்பையும் சேர்த்தார்கள். வார்டில் நீங்கள் கேட்ட கேள்விகள், இவருக்கு இன்று என்ன தேவை, நேற்றைவிட நிலைமை எப்படி இருக்கிறது என்பதைச் சுற்றியே இருந்தன. இனி அவற்றோடு, இது என்ன நோயாக இருக்கலாம், எதைத் தவறவிட்டால் இவர் உயிருக்கு ஆபத்து என்பதும் உங்கள் தலையில் ஓட வேண்டும். பழையதைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். கதவிலிருந்து நாற்காலிவரை ஒருவர் நடந்து வரும் விதம், ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா என்பது, சட்டை தொளதொளவென்று இருப்பது, கூட வந்தவர் முகத்தில் இருக்கும் கவலை ஆகியவற்றைச் செவிலியரின் கண் தானாகவே பிடித்துவிடுகிறது. புதிதாகப் படிக்க வருபவர்கள் வினாப்பட்டியலைக் கையில் எடுத்தவுடன் இந்தக் கண்ணை மூடிக்கொள்வதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

நோயறிதலின் பெரும்பங்கு, நோயாளி சொல்லும் வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது. 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், புதிதாக அனுப்பப்பட்ட 80 வெளிநோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, வரலாற்றைக் கேட்டு முடித்த கட்டத்தில் எட்டிய முடிவே 66 பேருக்குக் கடைசிவரை நின்றது. உடல் பரிசோதனை முடிவை மாற்றியது 7 பேருக்கு. ஆய்வகச் சோதனைகள் மாற்றியது இன்னொரு 7 பேருக்கு. 1992இல் அமெரிக்காவில் செய்த இதே போன்ற ஆய்வும் நான்கில் மூன்று பேருக்கு வரலாறே போதுமானதாக இருந்தது என்றது. இரண்டுமே சிறிய ஆய்வுகள், வெளிநோயாளிகளிடம் மட்டும் செய்யப்பட்டவை. மயங்கிக் கிடக்கும் ஒருவரிடமோ விபத்தில் சிக்கியவரிடமோ இந்தக் கணக்கு செல்லாது. உடல் பரிசோதனை வீண் என்றும் இவற்றிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. உங்கள் 15 நிமிடத்தில் பெரும்பகுதியைக் கேட்பதற்குக் கொடுப்பதில் தவறில்லை என்று மட்டும் இவற்றை வைத்து உறுதியாகச் சொல்லலாம்.

கேட்பது என்றால் முதலில் பேசவிடுவது. 1984இல் வந்த ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர்கள் குறுக்கிட்டிருந்தார்கள். விட்டால் நேரமெல்லாம் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் 2002இல் சுவிட்சர்லாந்தில் 335 பேரைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தபோது, சராசரியாக 92 நொடிகளில் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. எனவே "என்ன தொந்தரவு, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். கணினியைப் பார்க்காதீர்கள். அவர் நிறுத்தியதும் "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று இப்போதே கேட்டுவிடுங்கள். இதை முதலிலேயே கேட்காவிட்டால், எல்லாம் முடிந்து எழுந்து போகும்போது, கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், நேற்று நெஞ்சு கொஞ்சம் அடைத்தது" என்பார்கள். பலர் முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்கிறார்கள். பயமோ கூச்சமோ காரணமாக இருக்கலாம். மொத்தமாக என்னென்ன தொந்தரவுகள் என்று தெரிந்த பிறகு, இன்று எதைப் பார்ப்பது, எதை அடுத்த முறைக்கு வைப்பது என்று இருவரும் சேர்ந்து தீர்மானிக்கலாம்.

அதன் பிறகு கேள்விகள் குறுக வேண்டும். எப்போது தொடங்கியது, எங்கே, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எந்த மாதிரியான வலி, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எங்கே பரவுகிறது, எவ்வளவு கடுமை என்ற எட்டையும் வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். மனப்பாடம் நல்லதுதான். ஆனால் எட்டையும் ஒரே எடையில் கேட்கத் தேவையில்லை. என் கணிப்பில் மிகவும் உதவுவது காலவரிசை. "கடைசியாக முழுக்க நன்றாக இருந்தது எப்போது? அதிலிருந்து சொல்லுங்கள்" என்ற ஒரே கேள்வியில் எட்டில் ஐந்துக்கு விடை வந்துவிடும். தலைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் வந்து போகும் வலியும், ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலியும் அளவில் ஒன்றாக இருக்கலாம். பத்துக்கு எட்டு என்றே இருவரும் சொல்லலாம். இரண்டாமவருக்கு மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்யும்வரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதுகுவலியோடு வருபவரிடம் சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா, தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போகிறதா, இரண்டு கால்களும் பலவீனமாகின்றனவா என்று கேட்க அரை நிமிடம் போதும். இந்த அரை நிமிடத்தை எந்த அவசரத்திலும் விடக் கூடாது. ஒவ்வொரு தொந்தரவுக்கும் இப்படி இரண்டு மூன்று ஆபத்துக் கேள்விகள் உண்டு; எதையாவது மனப்பாடம் செய்வதென்றால் இவற்றைச் செய்யுங்கள்.

இப்போது கேள்வி எப்படிக் கையை வழிநடத்துகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். விளக்கத்துக்காக நானே அமைத்தது. 58 வயதுப் பெண் ஒருவர், இரண்டு வாரமாகக் களைப்பாக இருக்கிறது என்கிறார். களைப்புக்கு நூறு காரணங்கள் இருக்க முடியும் என்பதால் தலை முதல் கால் வரை பரிசோதிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். "களைப்பு என்றால் எப்படி அம்மா? எதைச் செய்ய முடியவில்லை?" என்று கேளுங்கள். மாடிப்படி பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்கிறார். களைப்பு மூச்சிரைப்பாக மாறிவிட்டது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் தைராய்டும் பட்டியலில் கீழே இறங்குகின்றன, ஆனால் வெளியே போய்விடவில்லை. நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, எத்தனை தலையணை வைக்கிறார், இரவில் மூச்சுத் திணறி எழுகிறாரா, கால் வீங்குகிறதா என்பவை இதயத்தைப் பற்றிய கேள்விகள். மலம் கறுப்பாகப் போகிறதா, எங்காவது இரத்தப் போக்கு உண்டா, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் இரத்தம் பட்டதா, எடை குறைந்ததா என்பவை இரத்தசோகையைப் பற்றியவை. இருமல், காய்ச்சல், புகை, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, அண்மையில் நீண்ட நாள் படுக்கையில் இருந்தது ஆகியவை நுரையீரலையும் அதன் இரத்தக் குழாயில் சிக்கும் இரத்தக்கட்டியையும் பற்றியவை. மாத்திரைகளைப் பற்றிக் கேட்கும்போது, முழங்கால் வலிக்காக இரண்டு மாதமாகக் கடையில் வாங்கி டைக்லோஃபெனாக் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார். இந்த ஒரு விடை இரத்தசோகை, இதயம் என்ற இரண்டு கிளைகளையும் தொடுகிறது: அந்த மாத்திரை வயிற்றில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியவைக்கலாம், உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இதயத்துக்குச் சுமையும் ஏற்றலாம்.

இனி கை எங்கே போக வேண்டும் என்பது தானாகவே தெரிகிறது. கீழ் இமையை இழுத்து உள்விளிம்பு வெளிறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுத்து எழுந்தபின் இரத்த அழுத்தமும் நாடியும் எப்படி மாறுகின்றன என்று அளக்க வேண்டும். 45 பாகைச் சாய்வில் கழுத்துச் சிரையின் துடிப்பு மார்பெலும்பின் மேட்டிலிருந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை மென்மையாக வைத்து மூன்றாம் இதய ஒலி கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். முதுகில் கீழ்ப்பகுதி நுரையீரல், கணுக்கால், இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவு, மேல்வயிறு, தேவைப்பட்டால் அவர் சம்மதத்தோடு மலக்குடல் பரிசோதனை. படுத்து எழுந்து அளப்பதைத் தவிர, மற்றவை எல்லாம் சேர்ந்து ஆறேழு நிமிடம்தான் ஆகும். இவருக்குக் காதுக்குள் பார்க்கவோ பன்னிரண்டு மூளை நரம்புகளைச் சோதிக்கவோ எந்தக் காரணமும் இல்லை. எதைச் செய்வதற்கு முன்பும் "இது இருந்தால் என்ன செய்வேன், இல்லாவிட்டால் என்ன செய்வேன்?" என்று உங்களையே கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் அந்தச் சோதனையை இன்று விடலாம். 'எதை விடலாம்' என்பதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

அதே எடுத்துக்காட்டில் கண்டவற்றின் எடையையும் பார்க்க வேண்டும். மூன்றாம் இதய ஒலியோ புடைத்த கழுத்துச் சிரையோ இருந்தால் இதயச் செயலிழப்பின் சாத்தியம் வெகுவாக உயர்கிறது. அவை இல்லாதது அதை அவ்வளவாகக் குறைப்பதில்லை. இமை விளிம்பு நன்றாக வெளிறியிருந்தால் இரத்தசோகையை நம்பலாம். சிவப்பாக இருந்தால் இரத்தசோகை இல்லை என்று சொல்ல முடியாது, இரத்தத்தை அனுப்பித்தான் பார்க்க வேண்டும். கணுக்கால் வீக்கம் இதயத்தாலும் வரும், சிறுநீரகத்தாலும் வரும், இரத்த அழுத்தத்துக்குப் போடும் அம்லோடிபின் மாத்திரையாலும் வரும். உடலில் தெரியும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இருந்தால் பேசும். இல்லாவிட்டால் மௌனமாகவே இருக்கும். அந்த மௌனத்தை 'ஒன்றுமில்லை' என்று படித்துவிடுவது படிக்கும் காலத்தில் எளிதில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம்.

மருந்து வரலாற்றைக் கேட்பதில் செவிலியர்கள் பொதுவாகவே வல்லவர்கள். இருந்தாலும் ஒன்றிரண்டைச் சொல்ல வேண்டும். "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டுமே சொல்வார்கள். கடையில் தாமாக வாங்கியது, மூலிகை, இன்ஹேலர், ஊசி, கருத்தடை மாத்திரை, கண் சொட்டு மருந்து என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து நாடியைக் குறைக்கவும் ஆஸ்துமாவைத் தூண்டவும் கூடியது. கண்ணில் போடுவதை மருந்து என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. மருந்து வரலாறு பரிசோதனையைப் படிக்கும் விதத்தையும் மாற்றுகிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும் நாடி 72 என்று அமைதியாக இருக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் மூத்தவர்களுக்கும் குடலில் ஓட்டை விழுந்தாலும் வயிறு கல்லாக இறுகாமல் இருக்கலாம். ஒவ்வாமை உண்டா என்பதோடு நிறுத்தாமல், எந்த மருந்து, எப்போது, என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை என்று குறிக்கப்பட்டவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். வாந்தி வந்ததும் ஒவ்வாமையாகவே பதிவாகி, பின்னர் பல ஆண்டுகள் அவருக்குப் பொருத்தமான மருந்தைத் தடுத்துவிடுகிறது.

கூச்சமான கேள்விகளைக் கடைசிக்கு ஒத்திவைத்துவிட்டு நேரமில்லை என்று கைவிடுவதும் வழக்கம். மது, புகை, பாலுறவு, வீட்டில் அடிதடி, மனநிலை ஆகியவற்றை "எல்லோரிடமும் கேட்பதுதான்" என்ற முன்னுரையோடு, குரல் மாறாமல் கேளுங்கள். வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதை அவர் தனியாக இருக்கும்போது மட்டுமே கேட்க வேண்டும். கணவரோ மாமியாரோ மகனோ அருகில் இருக்கும்போது கேட்பது அவரையே ஆபத்தில் தள்ளலாம். மொழி புரியாவிட்டால் உறவினரை மொழிபெயர்க்கச் சொல்வதும் இதே காரணத்தால் நல்லதல்ல. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். இதுவரையான ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தரவில்லை. மனம் சோர்ந்திருப்பவரிடம் "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அவரைத் தனியே விட்டு வெளியே போகக் கூடாது.

பரிசோதனையில் விடவே கூடாதவை என்று நான் கருதுபவை மிகவும் சாதாரணமானவை. மூச்சு எண்ணிக்கையை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, அவருக்குத் தெரியாமல். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். எத்தனை பதிவேடுகளில் எல்லோருக்கும் 18, 20 என்றே இருக்கின்றன என்று பார்த்திருப்பீர்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளியிட்டுக் காட்டும் நியூஸ் 2 அளவுகோலில், மூச்சு 25ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்காக மட்டும் உச்ச மதிப்பான 3 புள்ளி கிடைக்கிறது. உடல் சரிவதற்கு முன் முதலில் மாறுவனவற்றில் ஒன்றான இந்த எண்ணை ஊகித்து எழுதுவதைப் போலத் தீங்கான பழக்கம் குறைவு.

இரத்த அழுத்தமும் அப்படியே. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகுக்குச் சாய்வு, பாதங்கள் தரையில், கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டு, பேசாமல் இருக்கும்போது அளக்க வேண்டும். கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டை வேண்டும். உள்ளே காற்றடைக்கும் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதமும் அகலம் 40 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது விதி. மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் எண் சராசரியாக 20 அளவுக்குக் கூடுதலாகக் காட்டியதாக 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆயுள் முழுக்க மாத்திரை போடுவதா வேண்டாமா என்பதை அந்த 20 தீர்மானித்துவிடும். தலைசுற்றல் என்று வருபவருக்கு, ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, எழுந்து நின்ற ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மீண்டும் அளங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது பொருள் உள்ள மாற்றம். நீரிழிவு உள்ளவரின் காலணியையும் காலுறையையும் கழற்றாமல் அனுப்பக் கூடாது என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையை வளையும்வரை அழுத்திப் பாதத்தின் உணர்வைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வகுப்பில் எல்லாமே ஒரே உறுதியோடு சொல்லப்படுகின்றன. வயிற்றைப் பார்த்து, கேட்டு, பிறகுதான் தட்டவும் தொடவும் வேண்டும். முதலிலேயே அழுத்தினால் குடல் ஒலி மாறிவிடும் என்பது பாடம். தேர்வுக்கு அதே வரிசையில் செய்யுங்கள். ஆனால் அந்தக் காரணத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை. குடல் ஒலியைக் கேட்டு அடைப்பு உண்டா இல்லையா என்று சொல்வதே நம்பகமானதாக இல்லை. வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொடுங்கள் என்ற விதி அப்படியல்ல, அது எப்போதும் பயன்படும். பாதத்தை மேல்நோக்கி மடக்கிக் கெண்டைக்காலில் வலிக்கிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் சோதனையால் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆபத்துக் காரணிகளையும் கால் சுற்றளவையும் சேர்த்துப் புள்ளியிடும் வெல்ஸ் முறை அதைவிட மிக நல்லது. நுரையீரலில் ஒலி தெளிவாக இருப்பது நிமோனியா இல்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. மாறாக, 1761இல் ஆவன்ப்ரூகர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் எழுதிவைத்த, விரலால் தட்டிப் பார்க்கும் முறை, நெஞ்சுக்குள் நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடிக்க இன்றும் நன்றாகவே உதவுகிறது. நெஞ்சில் அழுத்தினால் வலிக்கிறது என்பது மாரடைப்பின் சாத்தியத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. பெண்களுக்கும் மூத்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

தோலின் நிறத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாடப்படங்களில் அழற்சி என்றால் சிவப்பு, ஆக்சிஜன் குறைந்தால் நீலம். கருமையான தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூடும் வீக்கமும் தொட்டால் வலிப்பதும் சுற்றியுள்ள நிறத்தைவிடச் சற்று அடர்ந்த திட்டும்தான் அடையாளம். வெளிறலையும் நீலத்தையும் இமையின் உட்புறம், நாக்கு, ஈறு, உள்ளங்கை ஆகிய இடங்களில் இயற்கை வெளிச்சத்தில் தேடுங்கள். கருவியும் இதற்கு விலக்கல்ல. பல்ஸ் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் உண்மையான ஆக்சிஜன் அளவு 88க்குக் கீழ் இருந்தது, வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்கத் தரவுகள் காட்டின. எண் 94 என்றாலும் ஆள் மூச்சுக்குத் தவிக்கிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

அப்படியானால் தலை முதல் கால் வரையிலான பரிசோதனையைக் கற்பது வீண் வேலையா? இல்லை, முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். துண்டு துண்டாக எடுத்துப் பயன்படுத்துவதற்கு முழுவதும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். இயல்பான நுரையீரலை, இயல்பான வயிற்றை, இயல்பான அனிச்சைச் செயலை மீண்டும் மீண்டும் பார்த்துப் பழகினால்தான் இயல்பல்லாதது கையில் தட்டுப்படும். காரணம் தெரியாத காய்ச்சல், எடை இழப்பு, பேச முடியாத நோயாளி போன்ற நேரங்களில் முழுப் பரிசோதனைதான் வழி. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் பொது உடல்நலப் பரிசோதனை ஆயுளைக் கூட்டுவதாக, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இலும் 2019இலும் தொகுத்த ஆய்வுகள் காட்டவில்லை. இரத்த அழுத்தம், கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட சோதனைகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குத் தனி ஆதாரம் உண்டு.

எழுதும்போது, செய்ததை மட்டும் எழுதுங்கள். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா உறுப்பும் 'இயல்பு' என்று நிரம்பிவிடுகிறது. பார்க்காத காதை இயல்பு என்று பதிவது பொய். அடுத்து பார்ப்பவர் அதை நம்பித்தான் முடிவெடுப்பார். முக்கியமான தொந்தரவை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். இல்லாததில் முக்கியமானதையும் எழுதுங்கள்: "படுத்தால் மூச்சு முட்டுவதில்லை, மலம் கறுப்பாகப் போகவில்லை" என்ற ஒரு வரியே நீங்கள் எந்தத் திசைகளில் யோசித்தீர்கள் என்று காட்டிவிடும். கடைசியில், மிகவும் சாத்தியமானது எது, தவறவிடக் கூடாதது எது, இன்னும் விலக்காதது எது என்று எழுதிவையுங்கள். ஒரே நோயை மட்டும் எழுதினால் அடுத்த வருகையில் உங்கள் கண்ணே அதை மட்டும்தான் தேடும்.

எங்கெங்கே இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நோயறிந்து மருந்து எழுத நர்ஸ் பிராக்டிஷனருக்கு எவ்வளவு உரிமை என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது; பயிற்சி நிலையத்தின் எழுத்து விதிகளை முதல் நாளே கேட்டுப் படித்துவிடுங்கள். அந்தரங்க உறுப்புகளைப் பரிசோதிக்கும்போது உடனிருக்க ஒருவரை ஏற்பாடு செய்வது எங்கும் நல்லது. குழந்தைகள் என் துறை இல்லை. அவர்களோடு பணியாற்றுபவர்களிடம் கற்றதைத்தான் சொல்ல முடியும். தாயின் மடியில் அமைதியாக இருக்கும்போதே இதயத்தையும் நுரையீரலையும் கேட்டுவிட வேண்டும், காதும் தொண்டையும் கடைசியில். அழத் தொடங்கிவிட்டால் ஸ்டெதஸ்கோப்பில் வேறெதுவும் கேட்காது. பயிற்சிக் காலத்தில் வாரம் ஒருவரையாவது தேர்ந்தெடுத்து, எக்ஸ்ரேயும் எக்கோவும் பார்ப்பதற்கு முன் நீங்கள் கண்டதையும் உங்கள் ஊகத்தையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள், பிறகு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். எந்த அறிகுறியில் உங்கள் கை நம்பத்தக்கது, எதில் இன்னும் இல்லை என்பது சில மாதங்களில் அந்தத் தாள்களிலிருந்தே தெரிந்துவிடும்.